மேசைமேல் ஒரு சகோத்ரா

மற்ற டாக்டர்கள் நாக்கை நீட்டச் சொல்வார்கள். எங்கள் டாக்டரம்மா, அந்த நாக்கு போன வாரம் எங்கெங்கே போய்வந்தது என்று சொல்லச் சொல்வார். கரோல் பாகில் கல்யாண லெஹங்கா விற்கும் கடைக்கு மேலே, ஒரே ஒரு ஆள் ஏறக்கூடிய மாடிப்படியின் முடிவில் அவருடைய கிளினிக் இருந்தது. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் படியில் சந்தித்துக்கொண்டால் ஒருவர் பின்வாங்கியாக வேண்டும். பெரும்பாலும் ஏறுகிறவர்கள்தான் பின்வாங்குவார்கள். டாக்டரம்மாவைப் பார்க்காமல் திரும்ப ஒரு காரணம் கிடைத்த நிம்மதி அவர்கள் முகத்தில் தெரியும்.

என் ரத்தத்தில் கொழுப்பு கூடிவிட்டது என்பதை அலுவலகத்தின் வருடாந்தரப் பரிசோதனை கண்டுபிடித்தது. கல்யாணமான முதல் வாரத்திலேயே என் மனைவி அதைக் கண்டுபிடித்துவிட்டாள், அவளிடம் லேப் ரிப்போர்ட்தான் இல்லை. அவள் புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் டீச்சர். அங்கே பாதி டீச்சர்கள் இந்த டாக்டரம்மாவிடம்தான் போவார்கள். நான் மத்திய அரசில் ஃபைல் தள்ளுகிறவன். ஒரு மாத்திரையை எழுதி வாங்கிக்கொண்டு பத்து நிமிஷத்தில் துவாரகா மெட்ரோவைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் அவளோடு படியேறினேன்.

"காலைல என்ன சாப்பிடுதீங்க, தம்பி?"

அவருக்கு எழுபதை நெருங்கும் வயது. பாளையங்கோட்டைப் பக்கம். நாற்பது வருஷ டெல்லி அவருடைய தமிழை ஒன்றும் செய்ய முடியவில்லை.

"இட்லி, டாக்டர்."

"அதுக்கு முன்ன?"

"காபி."

"அதுக்கும் முன்ன?"

"பல்லு தேய்ச்சேன்."

"பேஸ்டா, பொடியா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"சரி, வேற மருந்து மாத்திரை எதுவும் எடுக்கீங்களா?"

"ஒண்ணுமில்ல."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். "அந்த ஒண்ணுமில்லைய ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

இந்த வாக்கியத்தை அடுத்த சில வருஷங்களில் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றுதான் முதல் தடவை. என்னுடைய ஒண்ணுமில்லையில் ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை இருந்தது. வாயுவுக்கு ஒன்று இருந்தது. மனைவியின் முழங்கால் கஷாயத்தில் நான் அவளுக்குத் தெரியாமல் குடிக்கும் பங்கு ஒன்று இருந்தது, அது அன்று அவளுக்குத் தெரிந்துபோனது. யாரோ வாட்ஸாப்பில் அனுப்பியதை நம்பி வெறும் வயிற்றில் விழுங்கும் பூண்டு இருந்தது. நாற்பது நிமிஷம் ஆயிற்று. கடைசியில் மாத்திரையும் எழுதித் தரவில்லை. வீட்டில் இருக்கும் மருந்து டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொன்னார்.

எங்கள் வீட்டு மருந்து டப்பா ஒரு பழைய பிஸ்கட் டின். மெட்ரோ செக்யூரிட்டியில் அதைத் திறக்கச் சொன்னார்கள். சீருடைக்காரர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாய் சாப், தவாயி கி துகான் கோல் ரஹே ஹோ க்யா?" என்று கேட்டார். மருந்துக்கடை திறக்கவில்லை, டாக்டர் பார்க்க வேண்டுமாம் என்று சொன்னேன். அவருக்கு என்மேல் இரக்கம் வந்து டின்னைத் தானே மூடிக் கொடுத்தார். டாக்டரம்மா மட்டும் இரக்கம் காட்டவில்லை. ஒவ்வொரு அட்டையாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பெயரைப் படித்து, தேதி தாண்டியதையெல்லாம் குப்பைக்கூடையில் போட்டார். எங்கள் வீட்டு மருத்துவ வரலாறு அந்தக் கூடையில் முக்கால் அளவுக்கு நிறைந்தது. அதற்குப் பிறகுதான் கொழுப்பு மாத்திரையை எழுதினார்.

"மாத்திரை தனியா வாழாது தம்பி. அது போற வீட்டுல யாரு யாரு இருக்கான்னு பாத்துத்தான் அனுப்பணும்" என்றார்.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், மாத்திரைக்குப் பத்துப் பொருத்தமும் பார்க்கிறார் என்று வீட்டுக்கு வந்ததும் கேலி செய்தேன். மனைவி சிரிக்கவில்லை. "பாக்காம அனுப்புனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது. பின்னால் தெரிந்துகொண்டேன், என் சிறுநீரகங்களைப் பணயம் வைத்து.

கிளினிக்கில் டாக்டர் அறைக்கும் காத்திருப்பவர்களுக்கும் நடுவில் வெறும் பிளைவுட் தடுப்பு. உள்ளே நடக்கும் விசாரணை முழுவதும் வெளியே கேட்கும். ரகசியம் காக்க விரும்புகிறவர்களுக்கு டெல்லியில் வேறு டாக்டர்கள் இருந்தார்கள். ஒருநாள் வேலூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் மாட்டிக்கொண்டார்.

"குடிக்கிற பழக்கம் உண்டா?"

"கிடையாது மேடம்."

"மிலிட்டரில ரம் தருவாங்களே?"

"அது கோட்டா, மேடம்."

"அந்தக் கோட்டாவை யாரு குடிக்கா?"

வெளியே நாங்கள் ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். சுபேதார் கடைசியில், "நான்தான் மேடம், ஆனா அது டூட்டி மாதிரி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் குடி என்பது வேறு, கோட்டா என்பது வேறு. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில்தான் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் சொன்னோம்.

இன்னொருவர் பேங்க் அதிகாரி. ஆன்லைனில் வரவழைத்த ஏதோ சீனத்துச் சிவப்பரிசி மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார். இயற்கை உணவு என்பதால் மருந்துப் பட்டியலில் சேர்க்கவில்லையாம். டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நான் எழுதித் தர்ற மாத்திரைக்குக் கூடப்பிறந்த அண்ணன் சார். ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல வச்சா உங்க ஈரல் தாங்குமா?" என்று கேட்டார். பேங்க் அதிகாரி அதற்குப் பிறகு வரவில்லை. இப்படி நிறையப் பேர் வராமல் போனார்கள். வந்தவர்கள் படியிலேயே ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். "ஊறுகாயை இப்பவே சொல்லிடுங்க, அப்புறமா வெளியில வந்தா இன்னும் அரைமணி நேரம் ஆகும்" என்று ஒரு நர்ஸம்மா எனக்கே சொல்லியிருக்கிறார்.

குளிர்காலம் வந்தால் அவர் மேசைமேல் ஒரு சகோத்ரா வந்து உட்காரும். நம் ஊரில் பம்பளிமாஸ் என்போமே, குழந்தைத் தலை அளவு இருக்குமே, அதுதான். படிக்கட்டுக்குக் கீழே ஒரு வண்டிக்காரன் அதை உரித்துக் கறுப்பு உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்பான். "பய்யா, என் பேஷன்ட்டுக்கு இதை விக்காத" என்று இந்தியில் அவனோடு தினம் சண்டை போடுவார். பிறகு அவனிடமே ஒரு பழம் வாங்கிக்கொண்டு மேலே வருவார். சாம்பிளாம். கொழுப்பு மாத்திரை சாப்பிடும் ஒவ்வொருவரிடமும் அதைத் தூக்கிக் காட்டுவார்.

"இதுதான் ஆளு. முகத்தை நல்லாப் பாத்துக்கிடுங்க."

"சாத்துக்குடி, டாக்டர்?"

"அதெல்லாம் சாதுவான பிள்ளைங்க. இவன்தான் வில்லங்கம்." பழத்தை ஒரு தட்டுத் தட்டினார். "உங்க மாத்திரையை உடைச்சுத் தள்ளுததுக்கு உள்ள ஒரு குமாஸ்தா உக்காந்திருக்கான். இந்தப் பழம் போயி அவனை லீவுல அனுப்பிரும். தினம் மேசைக்கு ஃபைல் வருது, நீங்க லீவு போட்டுட்டீங்க, என்ன ஆகும்?"

"எங்க ஆபீஸ்ல ஒண்ணும் ஆகாது, டாக்டர்."

"உங்க ஆபீஸ்ல ஆகாது. உடம்புல ஆகும். ஒரு மாத்திரை போட்டது ரெண்டு மூணு போட்ட மாதிரி ரத்தத்துல குவியும். தொடை வலிக்கும். ஒண்ணுக்குக் காபி டிகாக்‌ஷன் நெறத்துல போகும். அப்பவும் சும்மா இருந்தீங்கன்னா கிட்னி போயிரும்."

ஒவ்வொரு திங்கட்கிழமையும் மேசைமேல் புதுப்பழம் இருக்கும். போன வாரத்துப் பழம் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. அந்த அறையில் கேள்வி கேட்கும் உரிமை ஒருவருக்குத்தான் இருந்தது.

அவர் சொன்னதையெல்லாம் ஆபீஸ் சர்க்குலரைப் படிக்கும் அதே கவனத்தோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். இரண்டு வருஷம் ஒழுங்காகவும் இருந்தேன். பிறகு எங்கள் பக்கத்து ஃப்ளாட்டுக்கு ஒரு பீகார்க் குடும்பம் குடிவந்தது. தீபாவளி முடிந்த ஆறாம் நாள் சட் பூஜை. எங்கள் சொசைட்டி பூங்காவில் தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் நிரப்பி, அந்த வீட்டம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று முறத்தில் பழங்களை வைத்துச் சூரியனுக்குப் படைத்தார். மறுநாள் காலை தட்டில் தேக்குவா என்கிற இனிப்பும் உரித்த சகோத்ராச் சுளைகளும் எங்கள் வீட்டுக்கு வந்தன.

"பிரசாத் ஹை, பாய் சாப். மனா நஹி கர்தே."

பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக்கூடாதாம். எனக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டேன். அபாரமாக இருந்தது. புகழ்ந்தேன். அவருடைய அண்ணன் ஊரிலிருந்து ஒரு மூட்டை கொண்டுவந்திருந்தாராம், மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. மூன்று வாரம் தினமும் காலையில் பாதிப் பழம், உப்பு மிளகாய்த்தூளோடு. அது சகோத்ரா என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கடையில் வாங்கினால்தான் அது சகோத்ரா, சூரியனுக்குப் படைத்த பிறகு அது பிரசாதம். முறத்தில் இருந்தது மட்டும்தான் பிரசாதம், மூட்டையில் இருந்தது வெறும் பழம் என்ற நுணுக்கம் எனக்கு ஆஸ்பத்திரியில்தான் விளங்கியது.

இது போதாதென்று டெல்லியின் நவம்பர்க் காற்று. எல்லோரையும் போல எனக்கும் இருமல் பிடித்துக்கொண்டது. முனையில் இருந்த மருந்துக்கடைக்காரர் ஒரு ஆன்டிபயாடிக் அட்டையை எடுத்துக் கொடுத்தார். "டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்றாள் மனைவி.

"இருமலுக்கும் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று அவளையே திருப்பிக் கேட்டேன். முப்பது வருஷம் அரசாங்க வேலை பார்த்தவனுக்கு, ஒரு துறைக்கும் இன்னொரு துறைக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்பது தோன்றாது.

இருமல் மாத்திரை ஆரம்பித்த நான்காம் நாள் மெட்ரோப் படியில் தொடை வலித்தது. எஸ்கலேட்டர் ஓடாததன்மேல் பழியைப் போட்டேன். ஐந்தாம் நாள் கட்டிலிலிருந்து எழ மனைவி கைகொடுக்க வேண்டியிருந்தது. ஆறாம் நாள் காலை கழிப்பறையில் டிகாக்‌ஷன் நிறத்தைப் பார்த்தேன். கேலி கிண்டல் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. செத்துப்போவேன் என்றே நினைத்தேன்.

மனைவி போன் செய்தாள். "கொழுப்பு மாத்திரையையும் இருமல் மாத்திரையையும் இன்னைக்குத் தொடக்கூடாது. பக்கத்துல உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிட்டுப் போங்க டீச்சர், நானும் வாரேன்" என்றார் டாக்டரம்மா. அந்த வயதில் கரோல் பாகிலிருந்து துவாரகாவுக்கு மெட்ரோவில் வந்து சேர்ந்தார். வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டேனா என்று அவசரப் பிரிவின் இளம் டாக்டர் ஏற்கெனவே இந்தியில் கேட்டு, இல்லை என்று நான் சொல்லி, அவர் அதையே எழுதியும் முடித்திருந்தார். டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

"அந்த ஒண்ணுமில்லைய ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. சட் பூஜை முடிஞ்ச மாசம், பக்கத்து வீட்டுல இருந்து என்ன வந்துச்சு?"

"பிரசாதம்."

"பிரசாதம்னா?"

"தேக்குவா."

"பொறவு?"

நான் விட்டத்தைப் பார்த்தேன். "பாதிதான் டாக்டர்."

"எத்தனை நாள் பாதி?"

மூன்று வாரம் என்றேன். மனைவி கைப்பையிலிருந்து இருமல் மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். டாக்டரம்மா பெயரைப் படித்துவிட்டு ஒரு கணம் கண்ணை மூடினார். ஜெபம் செய்தாரா என்னைத் திட்டினாரா என்பது இன்றுவரை தெரியாது. பிறகு எழுந்துபோய் அந்த இளம் டாக்டரிடம், பழமும் அந்த ஆன்டிபயாடிக்கும் சேர்ந்துகொண்டு குமாஸ்தாவை லீவில் அனுப்பிவிட்ட கதையை மருத்துவ பாஷையில் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸும் உப்புநீரும் ஏறின. ஐந்து நாள் கழித்துச் சிறுநீரகங்கள் இரண்டோடும் வீட்டுக்கு வந்தேன். அவர் என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. அவருடைய நோட்டில் எனக்கென்று இருந்த பக்கத்தில் "பிரசாதம்" என்று எழுதி அடிக்கோடிட்டார், அவ்வளவுதான்.

உயிரைக் காப்பாற்றியவரை ஆயுள் முழுக்கக் கொண்டாடியிருப்பேன் என்று நினைப்பீர்கள். நான் அவ்வளவு நல்லவன் இல்லை. அடுத்த வருஷமே துவாரகாவில் மொபைல் ஆப் வைத்து நேரம் கொடுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டேன். அங்கே டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்ப்பார், நான் சுவரைப் பார்ப்பேன், மூன்று நிமிஷத்தில் மாத்திரை வந்துவிடும். பல்பொடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பெரிய விடுதலையாக இருந்தது.

போன ஜனவரியில் மனைவி பள்ளியிலிருந்து வந்ததும் செய்தி சொன்னாள். டாக்டரம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். நவம்பரில் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்களாம், அதற்குப் பிறகு உடம்பு தேறவேயில்லையாம், ஆனாலும் போன வாரம் வரை கிளினிக் போனாராம், இப்போது நாற்காலியிலிருந்து எழ முடியவில்லையாம். வயதாகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்களாம். மகள் கனடாவிலிருந்து கிளம்பிவிட்டாளாம். மறுநாள் ஞாயிறு, காலையிலேயே போனோம்.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே பார்த்துப் பழகியவரைப் படுக்கையில் பார்க்க என்னவோபோல இருந்தது. கை குச்சியாகியிருந்தது. பேச்சு மட்டும் குறையவில்லை.

"வயசு தம்பி. வேற என்ன."

"தொடை வலிக்குதா டாக்டர்?"

"வலிக்கு."

அந்த வலியை எனக்குத் தெரியும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டேன். இருதய டாக்டர் எழுதிக் கொடுத்தது, ரத்தம் உறையாமலிருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்றார்.

"வேற?"

"ஒண்ணுமில்ல."

"அந்த ஒண்ணுமில்லைய ஒண்ணொண்ணாச் சொல்லுங்க, டாக்டர்."

அவர் என்னை முறைத்தார். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. அவர் என்னை எப்படி விடாமல் கேட்டாரோ அப்படியே கேட்டேன். கண்ணுக்கு? சொட்டு மருந்து. தூக்கத்துக்கு? இல்லை. தோலுக்கு? போர்வைக்குள் கால்விரல்கள் அசைந்தன.

"கட்டைவிரல் நகத்துல பூஞ்சை. தோல் டாக்டர் ஒரு கேப்சூல் குடுத்தாரு. ஸ்டென்ட்டுக்கு முன்னாலேயே ஆரம்பிச்சது, இன்னும் ஒரு மாசம் இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "அது நகத்துக்குத்தானே தம்பி" என்றார்.

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. பூஞ்சை மருந்தும் அதே குமாஸ்தாவை லீவில் அனுப்பிவிடும் என்று எங்கள் எல்லோருக்கும் பாடம் நடத்தியவர் அவர்தான். மனைவி நர்ஸைக் கூப்பிட ஓடினாள். எத்தனை பேர் வாயைக் கிளறிக் கேட்டவர் அவர், அவரிடம் திருப்பிக் கேட்க ஒருவர்கூட இல்லாமல் போனோமே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஆப்பில் நேரம் வாங்கிக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருவன்.

அவர் பிழைத்தாரா என்று தவிக்க வேண்டாம். பிழைத்தார். அன்றே கொழுப்பு மாத்திரையையும் பூஞ்சைக் கேப்சூலையும் நிறுத்தினார்கள், மூன்று வாரத்தில் தானே நடந்து வீடு போனார். இப்போது பாளையங்கோட்டையில் தம்பி வீட்டில் இருக்கிறார். சமைக்க வந்த பெண்கள் இரண்டு பேர் அவர் கேள்வி தாங்காமல் நின்றுவிட்டார்களாம். கரோல் பாக் மாடியில் லெஹங்கா அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எதுவும் நிச்சயமில்லை. நர்ஸ் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். டாக்டர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு மனைவி வராந்தாவில் நின்றாள். அறையில் நானும் அவரும்தான். எனக்கு இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது.

"டாக்டர், குளிர்காலத்துல மேசைமேல சாம்பிள் பழம் வைப்பீங்களே, திங்கக்கிழமை புதுசு வந்ததும் அந்தப் பழசு எங்க போகும்?"

அவர் மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நல்ல பழம் தம்பி. தூர எறியவா சொல்லுதீங்க?"

"முழுசாவா?"

"பாதிதான்."

ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கட்டிலருகே இழுத்துக்கொண்டேன்.

"எத்தனை வாரம் பாதி, டாக்டர்?"